மாத்திரை தீர்ந்தும் தீராத நீர்க்கடுப்பு

வெளியே சொல்லக் கூசும் உபாதைகளில் நீர்க்கடுப்பு ஒன்று. தலைவலி, ஜுரம் என்றால் வீட்டில் எல்லோரிடமும் சொல்லலாம். சிறுநீர் போகும்போது எரிகிறது என்பதைப் பெண்கள் பெற்ற தாயிடம் சொல்வதற்கே தயங்குகிறார்கள். "உடம்புச் சூடு" என்று சொல்லித் தொப்புளில் விளக்கெண்ணெய் தடவுவது, பிறகு இளநீர், நீர்மோர், பார்லிக் கஞ்சி, அதிலும் அடங்காவிட்டால் மருந்துக்கடை: கடலூரானாலும் சிதம்பரமானாலும் அநேகமாக இதுதான் வரிசை.

மாத்திரையில் குணமாகிவிட்டால் பேச்சில்லை. பெரும்பாலோருக்குக் குணமாகியும் விடுகிறது. ஐந்து நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டு முடித்த பிறகும் எரிச்சலும், அடிக்கடி போகவேண்டுமென்ற உணர்ச்சியும், அடிவயிற்றில் கனமும் இருந்துகொண்டே இருந்தால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. நடைமுறையிலுள்ள பதில், அதே மாத்திரையில் இன்னும் ஓர் அட்டை. இல்லாவிட்டால் அதைவிட "பவர்" கூடுதலான வேறொன்று. இந்தப் பதில் தவறானது. அந்தக் கட்டத்தில் முதலில் வரவேண்டியது சிறுநீர்ச் சோதனை. மருந்து அதற்கு அப்புறம்தான்.

கிருமி வந்த வழி

நீர்க்கடுப்புகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஈ.கோலி என்ற கிருமி. ஜெர்மானிய டாக்டரான தியோடர் எஷெரிக் 1885-இல் விவரித்த இந்தக் கிருமி, எல்லோருடைய குடலிலும் சாதுவாகக் குடியிருப்பது. இடம் மாறிச் சிறுநீர்ப்பைக்குள் புகுந்துவிட்டால்தான் தொல்லை. பெண்களுக்குச் சிறுநீர்த் தாரை சுமார் 4 சென்டிமீட்டர் நீளமே உடையது. ஆண்களுக்கு அதைப்போல் நாலைந்து மடங்கு. ஆகவே கிருமிக்குப் பெண்களிடத்தில் வழி சுலபம். பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆயுளில் ஒரு தடவையாவது இது வருகிறது. ஒழுக்கத்துக்கும் இதற்கும் முடிச்சுப் போடுவது அறியாமை.

உடம்புச் சூடு என்ற பேச்சிலும் ஓரளவு உண்மை உண்டு. சூடு கிருமியை உண்டாக்குவதில்லை. ஆனால் வெயிலில் வேலை செய்து, தண்ணீரும் குடிக்காதவருக்குச் சிறுநீர் குறைகிறது. பையிலுள்ள கிருமியைக் கழுவிச் செல்லத் தண்ணீர் இல்லாதபோது அது அங்கேயே பெருகுகிறது.

எரிச்சல் ஏன் நிற்கவில்லை?

மருந்து சாப்பிட்ட பின்னும் உபாதை தொடர்வதற்குக் காரணம் ஒன்றல்ல. முதலாவது, கிருமி போயும் புண் ஆறாமை. சரியான மருந்து உள்ளே போனால் இரண்டு மூன்று நாளில் எரிச்சல் வெகுவாகக் குறையவேண்டும். எஞ்சிய சிறு எரிச்சல் நாளுக்கு நாள் தணிந்துகொண்டே வந்தால், பையின் உட்தோல் ஆறி வருகிறது என்று அர்த்தம். இதற்குத் தண்ணீரும் சில நாள் பொறுமையும் போதும்.

இரண்டாவது, சாப்பிட்ட மருந்துக்குக் கிருமி கட்டுப்படாமலிருப்பது. நார்ஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மாத்திரைகளைப் பல வருஷங்களாகக் கண்டபடி சாப்பிட்டதன் பலனாக, இந்தியாவில் ஈ.கோலிக் கிருமிகளில் பெரும் பகுதி இவற்றுக்கு அசைந்து கொடுப்பதில்லை. மாறாக, 1953-இல் புழக்கத்துக்கு வந்த நைட்ரோஃப்யூரன்டாயின் என்ற பழைய மருந்து இன்றைக்கும் நன்றாக வேலை செய்கிறது. அதுவும் சிறுநீர் புளிப்பாக இருந்தால்தான் முழுப் பலன் தரும். எரிச்சலுக்கென்று மருந்துக்கடையில் வாங்கிக் குடிக்கும் சிட்ரேட் சிரப்போ சிறுநீரின் புளிப்பை மாற்றுவது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா என்று டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

மூன்றாவது, கிருமி ஒளிந்திருப்பது. அமெரிக்காவில் ஸ்காட் ஹல்ட்கிரென் குழுவினர் 2003-இல் எலிகளிடம் கண்டது இது: பையின் உட்தோல் செல்களுக்குள்ளேயே ஈ.கோலி கூட்டமாகப் புகுந்து தங்கிவிடுகிறது. சில பெண்களுக்கு மாதாமாதம் திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நாலாவது காரணத்தைத்தான் அதிகம் பேர் மறந்துவிடுகிறார்கள். எரிச்சல் இருந்தும் அது நீர்க்கடுப்புக் கிருமியால் வந்ததாக இல்லாமலிருக்கலாம். ஆன்டிபயாடிக் சாப்பிட்டதாலேயே பிறப்புறுப்பில் காளான் தொற்று உண்டாகி அரிப்பும் எரிச்சலும் தரும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அவ்விடத்துத் தோல் மெலிந்து எரிச்சல் வரும். அதற்கு ஹார்மோன் களிம்பு இருக்கிறது. கல் இருக்கலாம், சர்க்கரை வியாதி இருக்கலாம், வயதான ஆண்களுக்குப் பிராஸ்டேட் வீக்கம் இருக்கலாம், பால்வினைத் தொற்று இருக்கலாம். சோதனையில் சீழ் அணுக்கள் தெரிந்தும் சாதாரணக் கிருமி வளராவிட்டால், காசநோய் சிறுநீரகத்தைப் பிடித்திருக்கிறதா என்று இந்த நாட்டில் பார்க்கத்தான் வேண்டும். கிருமியே இல்லாமல் பை நோகும் வியாதியும் ஒன்று உண்டு. பால்டிமோர் நகர டாக்டர் கை ஹன்னர் 1915-லேயே அதைப்பற்றி எழுதியிருக்கிறார். இவற்றில் எதற்கும் இன்னோர் அட்டை ஆன்டிபயாடிக் பதிலாகாது.

மருந்துக்கடையில் நடப்பது

"டாக்டரைப் பார்த்தால் பீஸ், சோதனைக்கு வேறு பணம், கடையில் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் மாத்திரை" என்ற வாதத்தில் நியாயமில்லாமலில்லை. ஆனால் இது இரவல் லாபம். பென்சிலினைக் கண்ட அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-இல் நோபல் பரிசு உரையிலேயே ஒரு கற்பனைக் கதை சொல்லி எச்சரித்தார். தொண்டை வலிக்குத் தானாகவே பென்சிலின் வாங்கி, போதாத அளவு சாப்பிட்ட ஒருவனிடம் கிருமி பழகிப்போகிறது. அந்தக் கிருமி அவன் மனைவிக்குத் தொற்ற, அவளுக்கு மருந்து பலிக்காமல் போய்விடுகிறது. அன்று கதை, இன்று நடப்பு. 2023-இல் சோதனைக்கூடங்களில் உறுதியான கிருமித் தொற்றுகளில் உலகம் முழுவதும் ஆறில் ஒன்றும், இந்தியா அடங்கிய தென்கிழக்காசிய வட்டாரத்தில் மூன்றில் ஒன்றும் மருந்துக்கு அடங்காதவை என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2025-இல் கணக்குச் சொன்னது.

சட்டம் இல்லாமலில்லை. சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கக் கூடாதென்பது பழைய விதி. 2014 மார்ச் முதல் அமலுக்கு வந்த எச்-1 அட்டவணையின்படி, சில கடுமையான ஆன்டிபயாடிக்குகளை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அதற்கு முன்பே, 2012-இல், பல டாக்டர் சங்கங்கள் ஒன்றுகூடிச் "சென்னைப் பிரகடனம்" என்ற பெயரில் இந்த ஆபத்தைத் தடுக்கத் திட்டம் வகுத்தன. விதியும் திட்டமும் ஏட்டிலிருந்து கடைப் பலகைக்கு வந்து சேரவேண்டும். கடைக்காரர் ஒரு கேள்வி கேட்டால் போதும்: "இதே உபாதைக்கு இந்த மாதம் ஏற்கனவே மருந்து சாப்பிட்டீர்களா?" ஆம் என்று பதில் வந்தால் மாத்திரை கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதே தர்மம்.

சோதனைக்கு என்ன தடை?

கிருமி வளர்ப்புச் சோதனை என்பது பெரிய மந்திரமல்ல. புது மருந்து தொடங்குமுன், சுத்தம் செய்துகொண்டு, முதலில் வருவதை விட்டு நடுவில் வரும் சிறுநீரைக் குப்பியில் பிடித்துக் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்ற பட்டியல் கைக்கு வரும். அந்தப் பட்டியலைப் படிக்கவும் நிதானம் வேண்டும். மில்லி லிட்டருக்கு ஒரு லட்சம் கிருமி இருந்தால்தான் வியாதி என்பது பாஸ்டனில் எட்வர்டு காஸ் 1950-களில் கண்ட அளவு. எரிச்சலுள்ள பெண்ணுக்கு நூறு கிருமி இருந்தாலும் வியாதியாகலாம் என்று 1982-இல் வால்ட்டர் ஸ்டாம் குழுவினர் காட்டினர். மாறாக, உபாதை ஏதுமில்லாதவர் சோதனையில் கிருமி தெரிந்தாலும், கர்ப்பிணி போன்ற சிலரைத் தவிர மற்றவர்க்கு மருந்து தேவையில்லை.

இந்தச் சோதனைக்கு நுண்ணுயிர்க்கூடமும் அதற்குரிய டாக்டரும் வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் அது இருக்க முடியாது. சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1985-இல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, 2021-இல் அரசாங்க சுகாதாரத் துறையின் கீழ் வந்து கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாகியிருக்கிறது. ஆகவே கூடம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. தடை தூரம்தான். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் சுமார் 45 கிலோமீட்டர். சிறுநீரை வெளியே வைத்தால் இரண்டு மணிக்குள் சோதிக்க வேண்டும். தாமதித்தால் வேண்டாத கிருமியெல்லாம் பெருகிக் கணக்குக் கெட்டுவிடும். குளிரில் வைத்தால் 24 மணி நேரம் தாங்கும்.

காட்டுமன்னார்கோயிலில் நடவு நடும் பெண்ணும், பண்ருட்டியில் முந்திரி உடைக்கும் பெண்ணும் ஒருநாள் கூலியை விட்டுச் சிதம்பரம் வரவேண்டுமென்பது நடவாத காரியம். பெண் வரவேண்டியதில்லை, குப்பி வந்தால் போதும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலையில் வாங்கும் குப்பிகளைப் பனிக்கட்டிப் பெட்டியில் அடுக்கி, அன்றைக்கே ஒரு வண்டியில் அனுப்பி, முடிவை நர்ஸின் போனுக்குத் தெரிவிப்பது அசாத்தியமல்ல. தடுப்பூசி மருந்து குளிர் குறையாமல் கிராமம் வரை போகிறது. அதே ஏற்பாடு திரும்பி வரும்போது குப்பியைச் சுமக்கலாம்.

தண்ணீரும் கழிப்பிடமும்

இதையெல்லாம் செய்தாலும் வேரை விட்டுவிட்டால் பயனில்லை. அடிக்கடி நீர்க்கடுப்பு வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பெண்கள் தினம் ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தபோது, வருஷத்தில் மூன்று தடவைக்கு மேல் வந்தது இரண்டுக்கும் குறைவாயிற்று என்று 2018-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. இவ்வளவு மலிவான மருந்து வேறில்லை. ஆனால் மீன் அங்காடியில் உட்காரும் பெண்ணும், ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணும் தண்ணீர் குடிக்கப் பயப்படுகிறார்கள். குடித்தால் போக இடம் வேண்டுமே! கடைச் சிப்பந்திகள் உட்கார ஆசனம் தரவேண்டுமென்று 2021-இல் தமிழ்நாடு சட்டம் செய்தது. எழுந்து போய்வரச் சுத்தமான கழிப்பிடமும் அதற்கு ஐந்து நிமிஷமும் அதே நியாயத்தில் சேர்ந்தவைதான்.

குளிர் ஜுரம், விலாப்புற வலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம், கர்ப்பம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் சோதனை முடிவுக்குக்கூடக் காத்திராமல் உடனே டாக்டரிடம் போகவேண்டும். கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டால் உயிருக்கே ஆபத்து. மற்றவர்கள் ஐந்து நாள் மருந்துக்குப் பிறகும் எரிச்சல் தணியவில்லையென்றால், மருந்துக்கடைக்குப் போகுமுன் ஆஸ்பத்திரியில் ஒரு குப்பி கேட்டு வாங்கட்டும். "உனக்கு ஒன்றுமில்லை" என்று சோதிக்காமலே அனுப்பிவிடும் டாக்டரிடம் மறுபடியும் கேட்கலாம். அதில் வெட்கத்துக்கு இடமில்லை.