சாயம் வேறு, பிளாஸ்டிக் வேறு

பார்சல் ஆபீசில் மூட்டையைத் தள்ளுவண்டியோடு தராசில் ஏற்றினால், வண்டியின் எடையைக் கழித்துத்தான் ரசீது போட வேண்டும். கழிக்காவிட்டால் சரக்குக்காரர் சண்டைக்கு வருவார். அது நியாயமும்கூட. இந்தச் சின்னக் கழித்தல் பெரிய சோதனைச் சாலைகளிலும் விட்டுப்போயிருக்கிறது.

பிளாஸ்டிக் சாமான்கள் வெயிலில் காய்ந்தும் உராய்ந்தும் பொடியாகின்றன. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கி, அதில் ஒரு கூறைவிடச் சிறியதாக இருந்தால் அதற்கு நானோ பிளாஸ்டிக் என்று பெயர். அது நீரிலுள்ள உயிர்களுக்கு என்ன செய்கிறது என்றறிய, டாப்னியா என்னும் தண்ணீர்த் தெள்ளுப்பூச்சியை வைத்துச் சோதிக்கிறார்கள். எள்ளளவு பூச்சி, நீரை வடிகட்டிப் பாசி தின்னும், மீன் குஞ்சுகளுக்கு ஆகாரமாகும். பிறந்து 24 மணி நேரம் ஆகாத குஞ்சுகளை, ஒவ்வோர் அளவுக் கரைசலிலும் குறைந்தது 20 வீதம் விட்டு, 48 மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள். பாத்திரத்தை மெல்ல அசைத்த பின்னும் 15 விநாடிக்குள் நீந்தாதவை எத்தனை என்பதே கணக்கு.

பூச்சி எவ்வளவு விழுங்கியது என்று பார்க்க, ஒளிரும் சாயம் ஏற்றிய மணிகளைக் கொடுப்பது வழக்கம். அந்த மணிகள் குடலைத் தாண்டி உடம்புக் கொழுப்பில் சேர்ந்தன என்று 2009இல் ஓர் ஆய்வு கூறியது. 2019இல் வேறு ஆய்வாளர்கள் அதையே திரும்பச் செய்து பார்த்தார்கள். கொழுப்பில் ஒளிர்ந்தது மணி அல்ல, மணியிலிருந்து கசிந்த சாயமாகவே தெரிகிறது என்றார்கள்.

அதே ஆண்டில் கனடாவின் மெக்கில் பல்கலைக் கழகத்தார் இன்னொன்றைக் கண்டார்கள். விலைக்கு வரும் மணிகள் கெடாமலிருக்கச் சோடியம் அசைடு என்ற நஞ்சைச் சேர்ப்பதுண்டு. பூச்சிகளை முடக்கியதில் பெரும்பங்கு அந்த நஞ்சுடையது! பழி மட்டும் பிளாஸ்டிக் தலையில்.

அதனால் பிளாஸ்டிக் சாது என்று யாரும் கொண்டாட வேண்டாம். குடலில் துகள் நிறைந்தால் பூச்சி தின்னும் பாசி குறையும். ஆனால் கணக்குத் தப்பினால் ஆதாயம் யாருக்கு? ஒரு சோதனை பொய்த்தது என்றதும், "எல்லாமே பொய்" என்று சொல்ல ஆலை முதலாளிகளுக்கு வாய் கிடைக்கிறது. அவசரச் சட்டம் வந்தால் அடி விழுவதோ தாராவியில் பழைய பிளாஸ்டிக்கைப் பொறுக்கி, உடைத்து, கழுவிப் பிழைக்கிற கூலிக்காரர் மேல். அவர்களில் நம்மவர்களும் உண்டு. பயமுறுத்தும் தலைப்பைப் போட்டுவிட்டு, மறுப்பு வந்தபோது மௌனமாயிருக்கும் பத்திரிகைகளுக்கும் இதில் பங்கில்லாமல் இல்லை.

வழி இல்லாமலில்லை. துகளுக்குள்ளேயே பல்லேடியம் என்ற உலோகத்தை வைத்துச் செய்யும் முறை 2019இல் வெளியாயிற்று. உலோகத்தை அளந்தால் துகளின் அளவு தெரிந்துவிடும். மணிகளைக் கழுவிவிட்டுச் சோதிக்கலாம். மணி நீக்கிய வெறும் கரைசலில் ஒரு கூட்டம் பூச்சிகளை விட்டு, வித்தியாசத்தைக் கழிக்கலாம். இதற்குப் பெரிய செலவும் ஆகாது.

தாராவியை ஒட்டி மாஹிம் கழிமுகத்துக்குப் போகும் மித்தி ஆற்றில் இருப்பது கடையில் வாங்கிய உருண்டை மணி அல்ல. கிழிந்த பையும் நைந்த நூலும் சாக்கடை அழுக்கோடு சேர்ந்த தூள் அது. அந்தத் தூளை எடுத்து, அந்த நீரிலேயே வாழும் பூச்சிக்குக் கொடுத்து, கழிக்க வேண்டியதைக் கழித்துக் கணக்குச் சொல்லட்டும். சட்டத்தை அதன் பிறகு எழுதலாம்.