பிஸ்கெட்டுக்கு வந்த பைரவன்

ஜனவரியில் கொடைக்கானல் போனால் ஏரியைச் சுத்திட்டு, ஹோம்மேட் சாக்லேட் வாங்கிட்டுத் திரும்புறதுதான் வழக்கம். நாங்க மூணு பேரும் கொஞ்சம் ஓவர். ஏரிக்கரைப் புல் மேல உப்புத்தூள் மாதிரி உறைபனி கிடந்த காலை நேரத்துல, வட்டக்கானலுக்குப் போயிட்டோம். டால்பின் நோஸ் பாறை வரைக்கும் இறங்கி ஏறணும். அதான் பிளான்.

டீக்கடை வாசல்ல ஒரு செவலை நாய். ஒரே ஒரு பிஸ்கெட் போட்டேன். அவ்வளவுதான், பின்னாடியே கிளம்பிருச்சு. 'பைரவன்'னு பேரும் வெச்சாச்சு. மரத்து வேரே படிக்கட்டா இருக்கிற பாதையில் நாங்க தட்டுத்தடுமாறி இறங்க, அவன் ஜாலியா முன்னாடி ஓடி, ஒவ்வொரு திருப்பத்துலயும் நின்னு திரும்பிப் பார்ப்பான். கைடு கூலி மிச்சம்னு சிரிச்சோம். போட்டோ வேற!

திடீர்னு பைரவன் நின்னான். முதுகு ரோமம் சிலிர்த்துச்சு. புதருக்குள்ள கறுப்பா ஒரு மலை, கீழே வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி கால்கள். காட்டெருமை! வளர்ந்த கடா ஒரு டன் வரைக்கும் எடை இருக்கும். அது பாட்டுக்கு மேய்ஞ்சிட்டு இருந்துச்சு. நம்ம ஹீரோ குரைச்சுக்கிட்டே பாய்ஞ்சான். அது தலையைக் குனிஞ்சு ஒரு மூச்சு விட்டுச்சு பாருங்க... ஹீரோ யூ-டர்ன் அடிச்சு நேரா என் காலுக்குப் பின்னாடி!

மரத்தோட மரமா ஒட்டி நின்னோம். எவ்வளவு நேரம்னு கேட்காதீங்க. அது என்ன நினைச்சுதோ, சோலைக்குள்ள திரும்பிப் போயிருச்சு.

வெள்ளகவி பக்கமிருந்து சுமைக் குதிரையோட ஏறி வந்த பெரியவர் எங்க முகத்தைப் பார்த்ததுமே புரிஞ்சுக்கிட்டார். "தம்பி, நாய் இல்லாம போனா அது உங்களைக் கண்டுக்கிடாது. நாய் வம்பிழுத்துட்டு உங்ககிட்டத்தான் ஓடியாரும். அது தப்பிச்சுக்கும். நீங்க? சிறுத்தை இருந்தா, அதுவும் தப்பாது. ஆளுங்க கூட்டிட்டு வந்து பாதியில விட்டுட்டு வேற வழியா போயிடுறாங்க."

நோய் விஷயத்தை அவர் சொல்லலை, நான் சொல்றேன். 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தப்போ, சிலதோட உடம்புல இருந்தது டிஸ்டெம்பர் வைரஸ். நாய்களைத் தாக்குற அதே வைரஸ்தான். செந்நாய், சிறுத்தையையும் அது விடாது.

டால்பின் நோஸ் கேன்சல். பைரவனைக் கடையில சேர்க்கணுமே! மீதி பிஸ்கெட்டைக் காட்டிக் காட்டியே மேல ஏத்தினோம். கடைக்கார அக்கா, "வந்துட்டியாடா?"னு சிரிச்சாங்க.

அதுக்குள்ள வாசல்ல ஒரு ஜீப் வந்து நின்னுச்சு. அஞ்சாறு காலேஜ் பசங்க. ஒருத்தன் பைரவனைப் பார்த்து விசிலடிச்சு, பிஸ்கெட் பாக்கெட்டைப் பிரிச்சான். "பாஸ், ஒரு நிமிஷம்..."னு நான் எழுந்தேன்.