நமீபியாவின் சமூகச் சுற்றுலா: ஆலோசனைக்கு முன் உரிமை

வளரும் நாடுகளின் கிராமப்புற வறுமைக்குச் சமூகம் சார்ந்த சுற்றுலாவை ஒரு தீர்வாக முன்வைப்பது கொடையாளி நாடுகளின் வழக்கமாகிவிட்டது. ஆலோசகர்கள் வருகிறார்கள், அறிக்கை தயாராகிறது, விடுதி கட்டப்படுகிறது. ஆனால் நிதியுதவி நின்றதும் பல இடங்களில் திட்டமும் நின்றுவிடுகிறது. இதற்கு விதிவிலக்காகச் சுட்டிக்காட்டப்படும் நாடு, ஆப்பிரிக்காவின் தென்மேற்கில் உள்ள நமீபியா.

1990இல் சுதந்திரமடைந்த நமீபியா, 1996இல் இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியது. வெள்ளையர் ஆட்சியில் தனியார் பண்ணை உரிமையாளர்கள் மட்டுமே அனுபவித்துவந்த, வனவிலங்குகளால் பயன்பெறும் உரிமை, இதன்மூலம் பொது நிலங்களில் வாழும் கறுப்பின மக்களுக்கும் கிடைத்தது. எல்லையை வரையறுத்து, உறுப்பினர்களைப் பதிவு செய்து, நிர்வாகக் குழுவை அமைக்கும் சமூகங்கள் 'கன்சர்வன்சி' என்ற சட்டபூர்வ அமைப்பாகச் செயல்படலாம். 1998இல் நான்கு அமைப்புகள் பதிவாயின. இன்று 80க்கும் மேற்பட்டவை, நாட்டின் நிலப்பரப்பில் சுமார் ஐந்தில் ஒரு பங்கில் இயங்குகின்றன.

வடமேற்கில் உள்ள டோரா சமூகம், டமராலாந்து முகாம் என்ற விடுதியை நடத்த ஒரு தனியார் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. வருவாயில் பங்கும், உள்ளூர் மக்களுக்கு வேலையும் அதன் நிபந்தனைகள். இத்தகைய ஒப்பந்தங்களில் பேரம் பேசவும், கணக்கு வைக்கவும் பயிற்சி அளித்ததே வெளி ஆலோசகர்களின் பயனுள்ள பங்களிப்பு எனலாம். சட்டம் தந்த உரிமை இல்லாதிருந்தால், பேரம் பேச அம்மக்களிடம் எதுவுமே இருந்திருக்காது.

ஆயினும் இந்த முன்மாதிரியிலும் குறைகள் உண்டு. நிலம் இன்னும் அரசின் உடைமையே. சிங்கம் மாட்டைக் கொன்றாலும், யானை பயிரை அழித்தாலும் நட்டம் ஒரு குடும்பத்துக்கு; விடுதியின் வருமானமோ பொதுக் கணக்கில் சேர்கிறது. 2020இல் பெருந்தொற்றால் எல்லைகள் மூடப்பட்டபோது, வெளிநாட்டுப் பயணிகளையே நம்பியிருந்த வருவாய் சரிந்து, காவலர்களுக்கு ஊதியம் தரவே அவசர நிதி திரட்ட வேண்டியதாயிற்று. தொடக்க ஆண்டுகளில் இம்முயற்சிக்குப் பெருமளவில் உதவிய அமெரிக்க அரசின் உதவி முகமையான யு.எஸ்.எய்டும் 2025இல் மூடப்பட்டுவிட்டது.

கொடையாளிகள் விலகலாம், பயணிகள் வராமலும் போகலாம். அப்போதும் அம்மக்களிடம் எஞ்சுவது சட்டம் தந்த உரிமையே. எனவே, சமூகச் சுற்றுலாத் திட்டம் எதையும் மதிப்பிடுவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை அறைகள் கட்டப்படும் என்பதல்ல. ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுக்கும் அதிகாரம் அக்கிராமத்துக்கு இருக்கிறதா என்பதே.