ஒரு நாய்க்குச் சந்தா, பத்து நாய்க்கு ஊசி



பெருநகரங்களில் நாய்களுக்கும் அவற்றை வளர்ப்பவர்களுக்கும் என்றே உயர்தர கிளப்புகள் வந்திருக்கின்றன. ஆண்டுச் சந்தா, நீச்சல் குளம், பிறந்தநாள் கேக். "நம்ம ஊட்டிக்கும் இப்படி ஒண்ணு வந்தா நல்லா இருக்கும் டீச்சர்" என்று பழைய மாணவர் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். இரண்டு வரியில் சொல்லும் பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

தம்பி, இது நம் மலைக்குப் புதிது அல்ல. வெள்ளைக்காரர் காலத்திலேயே ஊட்டியில் வேட்டை நாய்களை வைத்துக் கிளப் நடத்தினார்கள். இங்கிலாந்தில் நரியைத் துரத்திய துரைமார்கள் இங்கே வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் குள்ளநரியைத் துரத்தினார்கள். இன்றும் மே மாதம் அரசு கலைக் கல்லூரி மைதானத்தில் நாய்க் கண்காட்சி நடக்கிறது. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் அங்கே நிமிர்ந்து நடப்பதைப் பார்த்து நானும் கைதட்டியிருக்கிறேன். நாய் வளர்ப்பதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் நாய் விஷயத்தில் இந்த மலையின் உண்மையான பெருமை வேறு. குன்னூர் சிம்ஸ் பூங்கா அருகே நிற்கிறதே பாஸ்டர் நிலையம், அது 1907-இல் தொடங்கியது. வெறிநாய்க்கடி ஊசிக்காகத் தென்னாட்டவர் இமயமலைப் பக்கம் கசௌலி வரை ரயிலேற வேண்டியிருந்த நிலையை அதுதான் மாற்றியது. கடித்தது சாதி நாயா, தெரு நாயா என்று அங்கே யாரும் கேட்டதில்லை.

கிளப் முதலில் கேட்பதே அதைத்தான்! மனிதரில் சாதி பார்த்தது போதாதென்று நாயிலுமா?

"என் பணம், என் நாய், உங்களுக்கென்ன?" என்று கேட்கலாம். வெறிநோய்க் கிருமிக்கு உறுப்பினர் அட்டை தேவையில்லை, அதுதான் எனக்கென்ன. ஒரு பகுதி நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால்தான் நோய் பரவுவது நிற்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேலிக்குள் ஐம்பது நாய்களுக்கு மட்டும் ஊசி போட்டால் வெளியே என்ன மாறும்? தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து நடந்தே பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு வேலி ஏது? தெருநாய் பெருகினால் அதைத் தேடிச் சிறுத்தையும் வீட்டு வாசலுக்கு வரும். கழுத்துப் பட்டையோடு சாலையோரம் கைவிடப்பட்ட வெளிநாட்டு இன நாய்களையும் இங்கே பார்த்திருக்கிறேன். அவையும் ஒரு நாள் யாரோ ஒருவரின் செல்லங்கள்தானே?

ஆகவே கிளப் வரட்டும், ஆனால் இந்த நிபந்தனைகளோடு வரட்டும்:

1. தடுப்பூசிச் சான்று இல்லாத நாய்க்கு அனுமதி இல்லை.
2. ஒவ்வொரு உறுப்பினரும் ஆண்டுக்குப் பத்துத் தெருநாய்களின் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் பணம் தர வேண்டும்.
3. நாயைக் கைவிட்டவருக்கு மறுபடி உறுப்பினர் அட்டை கிடையாது.

இதற்குச் சம்மதம் என்றால் திறப்பு விழாவுக்கு முதல் ஆளாக நானே வருகிறேன். சம்மதம் இல்லையென்றால் அதை நாய்ப் பாசம் என்று சொல்லாதீர்கள். அது வெறும் அந்தஸ்து.

டீச்சர் என்றால் பாடம் சொல்லாமல் விட மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். நாய் கடித்தால், கீறினால், மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். எல்லாத் தவணையையும் முடியுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்