தாயை வெளியே உட்கார வைத்துவிட்டு

வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்கான நம்முடைய ஆரம்பநிலைப் பயிற்சி மையங்கள் பலவற்றில் தாழ்வாரத்தில் ஒரு வரிசை நாற்காலி போட்டிருக்கும். அம்மாக்கள், ஒன்றிரண்டு பாட்டிகள், அபூர்வமாக ஓர் அப்பா அதில் உட்கார்ந்திருப்பார்கள். மூடிய கதவுக்குள் முக்கால் மணி நேரம் ஸ்பீச் தெரபி, அது முடிந்ததும் முக்கால் மணி நேரம் ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி). குழந்தையை வெளியே அழைத்து வரும்போது, "இன்னைக்கு நல்லா பண்ணினான்மா. வீட்டுல நிறைய பேசிக்கிட்டே இருங்க" என்கிறோம். எப்படிப் பேச வேண்டும் என்பதை அந்தத் தாய் கண்ணால் பார்க்கவே இல்லை.

இரண்டு வயதுக் குழந்தை ஒரு நாளில் ஏறக்குறைய 12 மணி நேரம் விழித்திருக்கிறது. வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல். அதில் தவறாமல் வரும் குழந்தைகூட நம்மோடு இருப்பது மூன்று மணி நேரம்தான். கல்வராயன் மலையிலிருந்து பஸ் மாறி மாவட்டத் தலைநகருக்கு வரும் குடும்பத்துக்கு அதுவும் வாய்க்காது. மாதம் ஒருமுறை வந்தாலே பெரிது. அந்தத் தாய் அன்று எதைக் கற்றுக்கொண்டு போகிறாரோ, குழந்தைக்கு அந்த மாதம் கிடைக்கப்போகும் பயிற்சி அவ்வளவுதான்.

அம்மா பக்கத்தில் இருந்தால் குழந்தை மடியை விட்டு இறங்காது, வேலை நடக்காது என்பார்கள் நம்மவர்கள். முதல் சில வாரங்களுக்கு அது உண்மை. வெளியில் சொல்லாத காரணங்கள் வேறு: ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேலை செய்யக் கூச்சம், தாயே கற்றுக்கொண்டுவிட்டால் செஷனுக்கு வருவதை நிறுத்திவிடுவாரோ என்ற பயம். இரண்டாவது காரணத்துக்கு நம் தொழிலில் இடமே இருக்கக் கூடாது.

பெற்றோர் வழியாகத் தரும் பயிற்சிக்கு நம் ஊர்ச் சூழலிலேயே சான்று இருக்கிறது. பிரிட்டனில் உருவான ஒரு முறையைத் தெற்காசியாவுக்கு ஏற்ப மாற்றி, கோவாவிலும் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளிடம் செய்த ஆய்வு, 2016-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்தது. பயிற்சி தந்தவர்கள் நிபுணர்கள் அல்லர். பயிற்றுவிக்கப்பட்ட சுகாதாரப் பணியாளர்கள். தாயும் குழந்தையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, தாயோடு சேர்ந்து உட்கார்ந்து போட்டுப் பார்ப்பார்கள். குழந்தையின் கவனம் போன இடத்துக்குத் தாயும் போன நொடிகளைத் தேடி எடுத்துக் காட்டுவார்கள். பெற்றோர் குழந்தையின் போக்கோடு இசைந்து பேசுவது கூடியது. குழந்தைகள் தாமாகத் தொடர்புகொள்ள முன்வருவதும் கூடியது. இருவரும் ஒன்றைச் சேர்ந்து கவனிக்கும் நேரம் மட்டும் குறைந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியின் அமர் சேவா சங்கமும் கிராமப் பணியாளர்களை வீட்டுக்கே அனுப்பி, நிபுணர்களின் வழிகாட்டலோடு குடும்பத்துக்குச் சொல்லித் தருகிறது.

கதவைத் திறப்பது என்றால், நம் பாரத்தைத் தாயின் தலையில் ஏற்றுவது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜெராக்ஸ் எடுத்த வீட்டுப் பயிற்சித் தாளில் பதினைந்து வேலை எழுதிக் கொடுத்தால், நூறு நாள் வேலைக்குப் போய்வரும் பெண் எதைச் செய்வார்? இரண்டு போதும். சோறூட்டும்போது அடுத்த வாய்க்கு முன் கையை நிறுத்திக் குழந்தை நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருப்பது ஒன்று. குளிப்பாட்டும்போது சொம்பைத் தூக்கிப் பிடித்து "ஊத்தட்டுமா?" என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணும்வரை வாய் திறக்காமல் இருப்பது இன்னொன்று. காத்திருப்பதுதான் கஷ்டம், நம்மில் அனுபவசாலிகளுக்கே அது கைவர நாளாகும். அதனால்தான் சொல்லிக் கொடுத்தால் போதாது, நம் கண்முன் தாயே செய்து பார்க்க வேண்டும். அட்டைகளில் ஆப்பிளையும் ஜீப்ராவையும் காட்டிக்கொண்டிருப்பதைவிட இது பலன் தரும்.

வீட்டு மொழியை விடச் சொல்வதும் நிற்க வேண்டும். மதுரையில் சௌராஷ்டிரமும் ஆம்பூரில் உருதும் பேசும் குடும்பங்களிடம், "ஸ்கூல்ல சேர்க்கணும், இங்கிலீஷ் மட்டும் பேசுங்க" என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சு மேலும் தாமதமாகிறது என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. தாய்க்குச் சரளமில்லாத மொழியில் கொஞ்சவும் வராது, விளையாடவும் வராது.

இன்னொரு கெட்ட பழக்கம், முதல் சந்திப்பிலேயே "செல்போன் கொடுத்தீங்களா?" என்று குற்றவாளியை விசாரிப்பது போலக் கேட்பது. போனைக் குறைக்கச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். பேச்சுக்கும் விளையாட்டுக்கும் உரிய நேரத்தை அது தின்கிறது. ஆனால் ஆட்டிசம் பெரும்பாலும் மரபணு சார்ந்த நரம்பு வளர்ச்சி வேறுபாடு. திரை பார்ப்பதால் வருவதாகச் சொல்லப்படும் 'விர்ச்சுவல் ஆட்டிசம்' என்ற பெயர் நோயறிதல் கையேடுகளான டி.எஸ்.எம்.-5இலும் இல்லை, ஐ.சி.டி.-11இலும் இல்லை. மாமியார் வீட்டில் ஏற்கெனவே பழி சுமக்கும் பெண்ணுக்கு நாமும் ஒரு பழியைக் கொடுத்து அனுப்ப வேண்டாம்.

வாரத்தில் ஒரு செஷனையாவது தாயோ, தந்தையோ, பாட்டியோ குழந்தையோடு தரையில் உட்கார்ந்து நடத்தட்டும். நீங்கள் பக்கத்திலிருந்து வழிகாட்டுங்கள். மூன்று மாதம் செய்து பார்த்துவிட்டு, குழந்தையின் அடையாளம் தெரியாதபடி உங்கள் குறிப்புகளை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். பலன் தராமல் போனவற்றையும் சேர்த்தே அனுப்புங்கள், அவற்றையும் வெளியிடுவோம்.