பழைய மடிக்கணினியும் இரு இயங்குதளங்களும்

பழையது என்னும் காரணத்தானே ஒரு பொருளை எறியத் துணிவது இக்காலத்தார் இயல்பாயிற்று. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்குரிய வழக்கமான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. விண்டோஸ் 11-ஓ, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புறுப்பு முதலியவற்றை வேண்டி நிற்கும். ஆதலின், நன்கு இயங்கும் மடிக்கணினிகள் பலவும் பயனற்றன எனத் தள்ளப்படுகின்றன. இது தகுமோ?

தகாது என்பதே எம் கருத்து. 1991இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் விலையின்றிக் கிடைப்பது. அதன் எளிய வகைகள் சிறிய நினைவகத்திலும் இயங்குவன. வன்தட்டைப் பகுத்து, ஒரு பாகத்தில் விண்டோஸையும் மற்றொன்றில் லினக்ஸையும் வைப்பின், கணினியைத் திறக்குந்தோறும் க்ரப் என்னும் வாயில்காப்போன், எதனை வேண்டுதிர் என வினவி நிற்பான். விண்டோஸ், தன்னிலன்றி இயங்காத மென்பொருள்களுக்கு மட்டும் இணையத் தொடர்பின்றி உதவுக. ஏனைய பணியெல்லாம் லினக்ஸில் நிகழ்க.

தட்டினைப் பகுக்குங்கால் எழுதியவை அழிதலுங் கூடுமே என்பர் சிலர். அவ்வச்சம் மெய்யே, ஆகலின் அனைத்தையும் முன்னரே படியெடுத்துப் பிறிதோரிடத்து வைத்தல் இன்றியமையாதது. விண்டோஸை முதலிலும் லினக்ஸைப் பின்னரும் நிறுவுதல் நன்று. முறை மாறின், லினக்ஸின் வாயிலை விண்டோஸ் மறைத்தலுங் கூடும்.

எம் கட்டுரைகள் யாவும் அத்தகைய பழங்கணினியிலேயே எழுதப்பெறுகின்றன. புதியது வாங்கும் பொருளில்லா மாணவர்க்குக் கருவியை இழத்தல் கல்வியிற் பாதியை இழத்தலோடு ஒக்கும். ஒரு பிற்பகற் பொழுதும் சிறிது பொறுமையும் அதனைக் காக்க வல்லன. நண்பர்காள், எறியுமுன் எண்ணுமின்!