எல்லையில் மகன், திரையில் போர்



ராசிபுரம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், மகனை இராணுவத்திற்கு அனுப்பியுள்ள தாய் ஒருவரை அண்மையில் சந்தித்தோம். 2025 மே மாதம் எல்லையில் மோதல் மூண்டபோது, இரண்டு நாள் மகனிடமிருந்து அழைப்பு வரவில்லை. தொலைக்காட்சியை அணைக்கவும் அத்தாய்க்கு மனமில்லை, பார்க்கவும் துணிவில்லை. "கத்தறவங்க வீட்டுப் பிள்ளை ஒண்ணும் அங்க இல்லையாட்டம் இருக்குதுங்க" என்று அவர் சொன்ன சொல் நம் உள்ளத்தைத் தைத்தது.

1971-ஆம் ஆண்டுப் போரின்போது ஊராட்சி மன்ற வானொலியைச் சுற்றி அமர்ந்து செய்தி கேட்ட தலைமுறை நம் பங்குகளில் இன்னும் இருக்கின்றது. அன்று நாளுக்குச் சில வேளைகளே செய்தி. வானொலி அனைத்தையும் சொல்லிவிட்டது என்று நாம் கூறவில்லை. ஆனால் ஒரு செய்திக்கும் மறு செய்திக்கும் இடையே வேலைக்கும் செபமாலைக்கும் நேரமிருந்தது. இன்றோ இருபத்துநான்கு மணி நேரமும் திரையை நிரப்பியாக வேண்டும். நிரப்புவதற்கு உண்மை போதாதபோது என்ன நேர்கிறது?

2025 மே 7-ஆம் நாள் நம் படைகள் 'ஆபரேஷன் சிந்தூர்' நடவடிக்கையை மேற்கொண்டன. மறுநாள் இரவு, கராச்சித் துறைமுகம் தாக்கப்பட்டது என்றும், நம் படையினர் பாகிஸ்தானின் தலைநகருக்குள்ளேயே நுழைந்துவிட்டனர் என்றும் பல அலைவரிசைகள் முழங்கின. அவற்றுள் ஒன்றும் நடந்திருக்கவில்லை. எல்லையோரப் பூஞ்ச் நகரில் பாகிஸ்தான் படையின் பீரங்கிக் குண்டுவீச்சில் உயிரிழந்த உள்ளூர் ஆசிரியர் ஒருவரைச் சிலர் பயங்கரவாதி என்றே அறிவித்தனர். காவல் துறை அதனை மறுத்தது. அதே நாளில், அதே நகரில், கார்மேல் சபைத் துறவியர் நடத்தும் கிறைஸ்ட் பள்ளியின் மாணவர் இருவரும் குண்டுக்குப் பலியாயினர். கண்ணீர் சிந்த வேண்டிய வீடுகளின்மேல் பொய்ச்சாட்சியையும் சுமத்துவது எத்துணைப் பெரும் பாவம்!

பரபரப்பு வீரனின் உயிருக்கே உலையாகும் என்பதையும் நாம் கண்டிருக்கின்றோம். 2008 நவம்பரில் மும்பை தாக்கப்பட்டபோது, நம் கமாண்டோ வீரர்களின் நடமாட்டத்தைத் தொலைக்காட்சிகள் நேரடியாகக் காட்டின. பாகிஸ்தானில் இருந்தவர்கள் அதைப் பார்த்து, தாக்குதல்காரர்களுக்குத் தொலைபேசியில் வழிகாட்டினர். 2012 ஆகஸ்ட் 29-ஆம் நாள் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதனைக் கடுமையாகக் கண்டித்தது. நாட்டு நலன் அன்று, வணிக நலனே இதில் காணப்பட்டது என்று இடித்துரைத்தது. இத்தகைய நேரடி ஒளிபரப்பு கூடாதென்று பின்னர் விதி செய்யப்பட்டது. அவ்விதியை 2025 ஏப்ரல் 26-ஆம் நாள் நடுவண் அரசு மீண்டும் நினைவூட்ட வேண்டியதாயிற்று.

செய்தியாளர் அனைவரையும் நாம் பழிக்கவில்லை. 1999-இல் கார்கில் போரின்போது, மே 29-ஆம் நாள் பத்தாலிக் பகுதியில் திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன் வீரமரணம் எய்தினார். அவர் உடல் ஒரு மாதத்திற்கு மேல் பனிமலையிலேயே கிடந்தது என்பதைச் செய்தித்தாள்கள் வழியாகவே நாம் அறிந்து கலங்கினோம். இழப்பை இழப்பென்று சொல்லும் செய்தி வீரனுக்குப் பகையன்று. போரை நடத்துவோரை நோக்கிக் கேள்வி கேட்பதும் துரோகமன்று. போரை விளையாட்டுப் போட்டிபோல் காட்டுவதே அவனுக்குச் செய்யும் அவமதிப்பு.

ஆனால் குறை அலைவரிசைகளிடம் மட்டுந்தானா உள்ளது? நாம் விரும்பிப் பார்ப்பதால் அன்றோ அவர்கள் விற்கின்றனர்? அன்று இரவு வந்த பொய்களை நம் பங்கின் வாட்ஸ்அப் குழுக்களில் பரப்பியவர் யார்? பொய்ச்சாட்சியை விலக்கும் எட்டாம் கட்டளை விரல் நுனிக்கும் உரியதே.

ஆதலால், நம் குடும்பங்கள் சில தீர்மானங்களைச் செய்யட்டும். அரசும் படைத்தலைமையும் உறுதி செய்யாத போர்ச் செய்தியை ஒருவருக்கும் அனுப்பாதிருப்போம். சேலம் சந்திப்பில் படையினர் செல்லும் இரயிலைக் கண்டால், கையசைத்து வழியனுப்புவோம். படமெடுத்துப் பரப்ப வேண்டாம். ஊரில் படைவீரர் வீடு எது என்று அறிந்து, மரவள்ளிக் காட்டிற்கு ஆள் கிடைக்காத நாளிலும், முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய வேளையிலும் துணை நிற்போம். 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் நாள் கொண்டாடப்படும் கொடிநாளுக்கு மனமுவந்து கொடுப்போம். போரில் கணவரை இழந்தோர்க்கும் ஊனமுற்ற வீரர்க்கும் உதவும் நிதி அது. குடும்பச் செபத்தில் நம் வீரர்களை நினைக்கும்போது, எல்லைக்கு அப்பால் காத்திருக்கும் தாய்மாரையும் மறவாதிருப்போம்.

ராசிபுரத்துத் தாய்க்கு மூன்றாம் நாள் மகனின் அழைப்பு வந்தது. நலமாயிருப்பதாகச் சொல்லிவிட்டு அவர் சொன்ன அடுத்த சொல் இதுதான்: "டிவியப் பார்க்காதீங்கம்மா."